லைசென்ஸ் புதுசு... கார் இன்ஷூரன்ஸில் எதைக் குறைக்கலாம்?

லைசென்ஸ் வந்தாச்சு, அப்பாவின் பழைய கார் சாவியும் கைக்கு வந்தாச்சு. ‘புது டிரைவர்னா இன்ஷூரன்ஸ் எகிறுமே’ என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். அது லண்டன் கதை. நம் ஊரில் பிரீமியத்தை முக்கியமாக முடிவு செய்வது உங்கள் வயசு இல்லை, கார்தான்.

கட்டாயமான தேர்டு பார்ட்டி பிரீமியம் மத்திய அரசு நிர்ணயிப்பது. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1,000 சிசி வரை 2,094 ரூபாய். 1,500 சிசி வரை 3,416 ரூபாய். வரி தனி. எந்த கம்பெனிக்குப் போனாலும் இதே ரேட்தான். ஆக, விலை வித்தியாசமெல்லாம் நம் காருக்கு ஆகும் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ பகுதியில்தான்.

இங்கேதான் சறுக்குகிறோம். செல்போனில் நாலு கம்பெனியை ஒப்பிட்டு, ஆட்-ஆன்களை எல்லாம் தூக்கிவிட்டு, இருப்பதிலேயே குறைந்த தொகையைக் கட்டிவிடுகிறோம். அதில் ‘இன்ஜின் புரொடெக்ட்’டும் போய்விடும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்களே, ஞாபகம் இருக்கா? 2015 வெள்ளம் கொடுத்த பயம் அது. தி.நகர் துரைசாமி சப்வேயில் தேங்கிய தண்ணீரில் கார் நின்றுவிட்டால், பதற்றத்தில் மறுபடி ஸ்டார்ட் செய்யத்தான் கை போகும். புதுசாக ஓட்டுபவருக்கு இன்னும் வேகமாகப் போகும். அதனால் இன்ஜின் போனால், சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணம் வராது.

மிச்சம் பிடிக்க வேறு வழி இருக்கு. மயிலாப்பூர் மாட வீதியில் விழுந்த சின்னக் கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் போடாதீர்கள். க்ளெய்மே இல்லாவிட்டால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் முதல் வருஷம் 20 சதவிகிதம், ஐந்து வருஷத்தில் 50 சதவிகிதம் வரை குறையும். வாரக் கடைசியில் பெசன்ட் நகர் பீச்சுக்கு மட்டும்தான் கார் எடுப்பீர்களா? ஓடும் தூரத்துக்கு ஏற்ற பிரீமியம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2022-லேயே ஐ.ஆர்.டி.ஏ.ஐ இதற்கு அனுமதி கொடுத்துவிட்டது.

அப்பா காரை உங்கள் பேருக்கு மாற்றினால், 14 நாளுக்குள் பாலிசியிலும் பெயர் மாற்ற எழுதிக் கொடுத்துவிடுங்கள்.