நாற்பத்தேழு வயதில் கிட்டார் எடுத்தால் உங்களுக்கு என்ன?

"என்ன அண்ணாச்சி, பேரன் பேத்தி எடுக்கிற வயசுல ஒங்க கூட்டாளி கிட்டாரத் தூக்கிட்டு அலையுதாராமே?"

தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாக் கூட்டத்தில் உறவுக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டது இது. கேட்டதோடு விட்டாரா? பக்கத்தில் நின்றவர்களையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். கடைசியில் ஒரு பெரியவர், "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று தீர்ப்பு எழுதி முடித்துவைத்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

என் நண்பருக்கு நாற்பத்தேழு வயது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. பகல் முழுக்கக் கன்டெய்னர், கஸ்டம்ஸ், ஷிப்பிங் பில். இளவயதில் கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தவர். வேலை, கல்யாணம், தங்கைமார் கல்யாணம், பிள்ளைகள் படிப்பு என்று வரிசையாக வந்ததில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கிட்டார் பரணில் கிடந்தது. இந்த வருஷம், கல்லூரி முடித்த பையன்கள் மூன்று பேர் நடத்தும் ராக் பேண்டில் கிட்டார் வாசித்தவன் துபாய்க்குப் போய்விட, அவர்கள் இவரைத் தேடி வந்தார்கள். ஒரு பழைய உப்புக் கிட்டங்கியில் சாயங்காலம் வாசித்துப் பழகுகிறார்கள். நடந்தது இவ்வளவுதான். யாரிடமும் கடன் வாங்கவில்லை, குடும்பத்தை விட்டு ஓடவில்லை. இதே வயதில் சாயங்காலமானால் டாஸ்மாக் வாசலில் நிற்கிறவரைப் பார்த்து இந்த ஊர் சிரிப்பதில்லை. கிட்டாரைத் தூக்கியவரைப் பார்த்துத்தான் சிரிப்பு வருகிறது.

வயதுக்குத் தக்கபடி இருக்க வேண்டுமாம். நாற்பதுக்கு மேல் புதிதாக எதையும் தொடக்கூடாதாம், தொட்டாலும் வராதாம். அதிலும் ராக் இசை இருபது வயதுக்காரன் கத்திக் குதிப்பதற்கான சமாசாரமாம். இதைச் சொல்கிறவர்களுக்கு ஒரே ஒரு பெயர் போதும்: ஸ்டீவ் மோர்ஸ்.

உலகத்தில் கிட்டார் கையில் எடுத்த எவனும் முதல் வாரத்திலேயே வாசித்துப் பார்க்கும் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டைத் தந்த குழு டீப் பர்ப்பிள். 1993 நவம்பரில், சுற்றுப்பயணத்துக்கு நடுவிலேயே அதன் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் விலகினார். மறுவருஷம் அந்த இடத்துக்கு வந்தவர் மோர்ஸ். பிறந்தது 1954. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், வயது நாற்பது. அதற்குச் சில வருஷம் முன்னால், 1980-களின் பிற்பகுதியில், இசைத் தொழிலே வேண்டாம் என்று ஒதுங்கிப் பயணிகள் விமானம் ஓட்டப் போனவர் அவர். சம்பளத்துக்கு விமானம் ஓட்டிய மனிதர் நாற்பது வயதில் உலகத்தின் மிகப் பெரிய ராக் குழுக்களில் ஒன்றில் சேர்ந்தார். சேர்ந்த மறுவருஷமே அந்தக் குழுவோடு பம்பாய் வந்து வாசித்தார். மொத்தம் 28 வருஷம் அந்த இடத்தில் நின்றார். பிளாக்மோர் இரண்டு தவணையில் இருந்த காலத்தைக் கூட்டினாலும் அவ்வளவு வராது. 2022-ல் மனைவியின் புற்றுநோய்க்காக அவரே விலகினார். வயதாகிவிட்டதென்று யாரும் அனுப்பவில்லை. அவருக்குப் பதிலாக வந்த சைமன் மெக்பிரைடுக்கும் அப்போது வயது நாற்பதுக்கு மேல். 1993-க்குப் பிறகு டீப் பர்ப்பிள் போன்ற குழு இரண்டு தடவை நிரந்தர ஆள் தேடி, இரண்டு தடவையும் நாற்பதைத் தொட்டவரை எடுத்தது. நம் ஊர்ப் பையன்கள் செய்தது மட்டும் கோமாளித்தனமா?

"மோர்ஸ் மேதை, ஏற்கெனவே பேர் வாங்கியவர்" என்பார்கள். சரி. மேதைக்கு வயது தடையில்லை என்றால் விரலைத் தடுப்பது வயதில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகிறது. பிறகு எதற்கு வயதைக் காட்டி மிரட்ட வேண்டும்? மோர்ஸுக்கு வலது மணிக்கட்டில் மூட்டுத் தேய்மானமே வந்தது. கையை மடித்துக்கொண்டு உட்காரவில்லை. பிக் பிடிக்கும் முறையையே மாற்றிக்கொண்டு வாசித்தார். என் நண்பருக்குத் தேய்மானமும் இல்லை, வலியும் இல்லை. இரும்புக் கம்பி பட்டு விரல் நுனி காய்த்துப் போகச் சில வாரம் ஆகும், அவ்வளவுதான்.

மேதையே வேண்டாம் என்றால் கேரி மார்கஸ் இருக்கிறார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர், தாளம் பிடிக்கக்கூடத் தெரியாதவர். நாற்பதை நெருங்கும்போது கிட்டார் கற்கத் தொடங்கினார். சிறுவர்களுக்கான கோடை முகாமில் சேர்ந்து, பள்ளிப் பிள்ளைகளோடு ஒரே பேண்டில் மேடையேறினார். அந்த அனுபவத்தையும் மூளை எப்படிக் கற்கிறது என்பதையும் சேர்த்து 'கிட்டார் ஜீரோ' என்று 2012-ல் புத்தகம் எழுதினார். ஐம்பதில் வளையாது என்பதற்கு நம்மவர்களிடம் இருக்கும் ஒரே சான்று ஒரு பழமொழி. அந்தப் பழமொழிகூட என் நண்பருக்குப் பொருந்தவில்லை. பதினைந்து வயதிலேயே வளைந்த கை அது.

இடையில் இருபது வருஷம் விட்டுப்போனது என்று சொல்வதற்கு முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு வாய் எப்படி வருகிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை. இந்தக் கரையில் 1928-ல் முத்துக்குளிப்பு நின்றது. கடலடி முத்துப் பாரில் சிப்பி விளையவில்லை. மறுபடி நடந்தது 1955-ல். நடுவில் 27 வருஷம் ஒன்றுமில்லை. 1955-ல் இறங்கியவர்களில் இதே பாரில் முன்பு முத்துக்குளித்த அனுபவம் உள்ளவர் யாராவது இருந்திருந்தால், அவர் நாற்பதைத் தாண்டியவராகத்தான் இருக்க முடியும். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பல பாகம் ஆழத்துக்குப் போகிற வேலை. அந்த அனுபவசாலியை "வயதாகிவிட்டது, வீட்டில் இரும்" என்று கரையிலேயே நிறுத்தியிருப்பார்களா? தொழில் தெரிந்தவன் என்று வள்ளத்தில் ஏற்றியிருப்பார்கள். இன்றைக்கும் சங்கு குளிக்கப் போகிறவர்களிடையே நடுவயதுக்காரர் எத்தனை பேர் என்று திரேஸ்புரம் கரையில் நின்று பார்த்தால் தெரியும். வயிற்றுக்காக உயிரைப் பணயம் வைத்துக் கடலுக்குள் இறங்க நாற்பத்தேழு வயது இடைஞ்சலில்லை. மனதுக்குப் பிடித்ததைச் செய்யத்தான் இடைஞ்சல். இவர்கள் சண்டை வயதோடு இல்லை. உழைத்து ஓய்ந்த மனிதன் தனக்காக ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வதைத்தான் இவர்களால் பொறுக்க முடியவில்லை.

இதே கரையில் உவரியில் பிறந்தவர் ஜோ டி குருஸ். கப்பல் தொழிலில் இருந்தவர். அவருடைய நாவல் 'ஆழி சூழ் உலகு' வெளிவந்தபோது அவர் நாற்பதைத் தொட்டிருந்தார். பிறகு 'கொற்கை' எழுதி 2013-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கினார். அன்றைக்கு மாலை போட்டு வரவேற்றவர்கள் நாம்தான். 2025 மார்ச் 8-ல் இளையராஜா லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றியபோது அவருக்கு 81 வயது. அன்றைக்கு இந்த ஊரில் அந்தச் செய்தியைப் பகிராத வாட்ஸ்அப் குழு இருந்ததா? என்னிடம் சிரித்த அந்த உறவுக்காரரே எனக்கு மூன்று தடவை அனுப்பினார். 81 வயதில் சிம்பொனி பெருமை, 47 வயதில் கிட்டார் கேவலம். பேர் வாங்கியவனுக்கு ஒரு நியாயம், பக்கத்து வீட்டுக்காரனுக்கு வேறொரு நியாயம்.

சினிமாவில் எழுபது வயதுக் கதாநாயகன் இருபத்தைந்து வயதுப் பெண்ணோடு ஆடினால் முதல் நாள் முதல் காட்சிக்கு விசில் அடிக்கிறவர்களும் இவர்கள்தான். அங்கே வயதுக்குத் தக்க நடத்தை வேண்டாமா? பணம் கொடுத்துப் பார்க்கிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வயது, நண்பன் ஆம்ப்ளிஃபயரைச் சொருகும்போது மட்டும் எப்படித் தெரிகிறது?

இந்தக் கேலியால் நாம் இழந்தது கொஞ்சமில்லை. முன்பெல்லாம் தூத்துக்குடியில் கல்யாண வீடு என்றால் மெல்லிசைக் குழு வரும். கிட்டார், டிரம்ஸ், ட்ரம்பெட் என்று மேடை நிறைய மனிதர்கள் வாசிப்பார்கள். கப்பலில் போன மாமாமார் கொண்டுவந்த கேசட்டைக் கேட்டுக் கேட்டே மேல்நாட்டுப் பாட்டைக் கையில் வரவழைத்தவர்கள் அவர்களில் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு தமிழ்ப் பூசை வந்து, கோயிலுக்குள் கிட்டாரும் வந்ததும் ஒவ்வொரு கடற்கரை ஊரிலும் வாசிக்கத் தெரிந்த பையன்கள் உருவானார்கள். இன்றைக்கு அவர்கள் எங்கே? ஒரு லேப்டாப்பும் ஆளுயர ஸ்பீக்கரும் வைத்து டிஜே என்கிறோம். கரோக்கி டிராக்கைப் போட்டுவிட்டு அதன்மேல் பாடுவதைக் கச்சேரி என்கிறோம். பந்தியில் உட்கார்ந்தவருக்கு நெஞ்சு அதிர்கிறது, மேடையில் வாசிக்க ஒரு ஆள் இல்லை. வாசிக்கத் தெரிந்த மனிதர்களையெல்லாம் முப்பது வயதிலேயே "போதும்டா, பிழைப்பைப் பாரு" என்று விரட்டியவர்கள் நாம். இப்போது பாட்டில் உயிர் இல்லை என்று அலுத்துக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது.

பிள்ளைகளை மட்டும் விடுவதில்லை. ஆறு வயதில் கீபோர்டு வகுப்பு, எட்டு வயதில் கிரேடு தேர்வு, பத்து வயதில் தொலைக்காட்சிப் போட்டி. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியதும், பத்தாம் வகுப்பு வந்துவிட்டது என்று கீபோர்டை மூடிவைக்கிறார்கள். இசை பிள்ளைக்குப் பரீட்சை, பெரியவனுக்குப் பைத்தியம் என்றால், அதை ஒரு மனிதன் சந்தோஷமாக வாசிப்பது எந்த வயதில்?

மோர்ஸுக்கே மறுபடி வருகிறேன். அவர்மேல் பட்ட அநியாயமும் இதே சாதிதான். 2016-ல் அமெரிக்காவின் ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேம் டீப் பர்ப்பிளைச் சேர்த்துக்கொண்டபோது பழைய ஆட்கள் எட்டுப் பேரின் பெயரைப் போட்டது. 22 வருஷமாக ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்த மோர்ஸின் பெயரை விட்டுவிட்டது. இளமையில் வந்தவனுக்குத்தான் மரியாதை, நடுவில் வந்தவன் எத்தனை வருஷம் தாங்கிப் பிடித்தாலும் விருந்தாளிதான் என்கிற எண்ணம் அங்கேயும் இருக்கிறது. எங்கே இருந்தாலும் அது தப்பு. கச்சேரிக்கு வந்தவர்கள் அந்த எட்டுப் பேர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டா கேட்டார்கள்?

என் நண்பராவது ஆண். கேலியோடு தப்பினார். இதே கரையில் கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்த பெண்களை எனக்குத் தெரியும். சில பேர் பையன்களைவிட நன்றாக வாசித்தார்கள். கல்யாணமான மறுவாரமே நின்றுபோனது. அவர்களில் ஒருத்தி நாற்பத்தைந்து வயதில் பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனால் இந்த ஊர் சிரிப்போடு நிறுத்தாது, வீடு தேடி வந்து மாமியாரிடம் பஞ்சாயத்துப் பேசும். அந்தப் பெண்களின் கீபோர்டுகளை எந்த வருஷம், யார், என்ன விலைக்கு விற்றார்கள் என்று திருவிழாக் கூட்டத்தில் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது.