எழுதத் தெரிந்த பொறியாளர்கள்

கொச்சித் துறைமுகத்திலும், கப்பல் கட்டும் தளத்திலும், ரயில்வேயிலும், சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்துக்கொண்டே பொறியியல் படிக்கும் தமிழ் இளைஞர்கள் மட்டாஞ்சேரி, தோப்பும்படி பகுதிகளில் உண்டு. ஷிப்டு முடிந்து வீடு திரும்பி, மற்றவர்கள் உறங்கிய பின் புத்தகத்தைத் திறப்பவர்கள் இவர்கள். இவர்களுடைய உழைப்பைப் பாராட்டாதவர் இருக்க முடியாது. ஆனால் கணக்கிலும் வரைபடத்திலும் தேறிவிடுகிற இவர்களில் பலர், இறுதியில் புராஜெக்ட் அறிக்கை எழுத வேண்டிய கட்டத்தில் தடுமாறி நின்றுவிடுகிறார்கள். இது மாணவரின் குறை மட்டும் அன்று. கல்வி முறையின் குறையும் ஆகும்.

வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு காலத்தில் ஏ.எம்.ஐ.இ. தேர்வுதான் பெரிய வாசலாக இருந்தது. 1920-ல் தோன்றி, 1935-ல் அரச சாசனம் பெற்ற இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் எஞ்சினியர்ஸ் நடத்தும் அத்தேர்வை எழுதி, பிட்டராகவும் டிராஃப்ட்ஸ்மேனாகவும் இருந்தவர்கள் எஞ்சினியர்களாக உயர்ந்தார்கள். பின்னர் நிலைமை மாறியது. 2013 மே 31 வரை பதிவு செய்துகொண்டவர்களுக்கே பட்டத்துக்குச் சமம் என்ற அங்கீகாரம் என்று மத்திய அரசு வரையறுத்தது. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றி அஞ்சல் வழியில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் குறித்து 2017 நவம்பர் 3-ல் சுப்ரீம் கோர்ட் கடுமையான தீர்ப்பு அளித்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் தனித் தேர்வு எழுதித் தேறினால்தான் பட்டம் நிலைக்கும் என்றும், அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டம் செல்லாது என்றும் ஆயிற்று. பல ஆண்டுச் சேமிப்பையும் இரவுத் தூக்கத்தையும் கொடுத்தவர்கள் ஒரே நாளில் நடுத்தெருவில் நின்றார்கள்.

ஆகவே பணம் கட்டுமுன் அங்கீகாரத்தை விசாரிப்பது முதல் கடமை. இன்று நேர்வழிகள் இல்லாமல் இல்லை. வேலையில் இருப்பவர்களுக்கு வசதியான நேரத்தில் வகுப்பு நடத்தக் கல்லூரிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. 2023 முதல் அனுமதி அளிக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2023-ல் எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பாடத்தில் பி.எஸ். பட்டப் படிப்பை இணைய வழியில் தொடங்கியது. ஆய்வுக்கூடப் பயிற்சிக்கு நேரில் செல்லவேண்டும். மற்றதை வீட்டிலிருந்தே படிக்கலாம்.

வாசல் எதுவாயினும், உள்ளே போனவரைக் காத்திருப்பது எழுத்து வேலைதான். வீட்டில் தமிழ், வேலைத்தலத்தில் மலையாளம், தேர்வில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கு நடுவே நிற்கிறார் இங்குள்ள தமிழ் மாணவர். பம்பு ஏன் அதிர்கிறது என்பது அவருக்குக் கைப்பழக்கத்தில் தெரியும். அதைக் காரண காரியத்தோடு நான்கு பக்கம் எழுதச் சொன்னால் பேனா நகராது. கல்லூரி மாணவருக்குத் திருத்திக் கொடுக்க ஆசிரியர் உண்டு, பார்த்துக் கற்கச் சகமாணவர் உண்டு. தனியே படிப்பவருக்கு இருவரும் இல்லை. அந்த இடத்தில்தான் ஆயத்த அறிக்கை விற்பவர் வந்து சேருகிறார். பணம் கொடுத்தால் பைண்டு செய்த அறிக்கை கைக்கு வந்துவிடும். ஆனால் அதன்பின் நேர்முகத் தேர்வில் ஒரு கேள்வி கேட்டால் பதில் வராது. நாளை ஒரு விபத்துக்குக் காரணம் எழுதும் பொறுப்பு வந்தால், அங்கே விலைக்கு வாங்க முடியாது.

எழுதப் பழகாத குறை மேதைகளுக்கும் இருந்ததுண்டு. ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை 1911-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. கருத்து புதியது, ஆனால் சொன்ன விதம் வாசகருக்கு விளங்கவில்லை. ஆசிரியர் எம்.டி.நாராயண ஐயங்கார் அதைத் திரும்பத் திரும்ப அனுப்பித் திருத்தி எழுத வைத்த பிறகே அச்சேற்றினார். மறு ஆண்டில்தான் ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவானார். அவருக்கே திருத்திக் கொடுக்க ஒருவர் தேவைப்பட்டார் என்றால், மற்றவர்கள் வெட்கப்படக் காரணமில்லை.

கொச்சியிலேயே மற்றொரு பாடம் இருக்கிறது. 1920-ல் இங்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ, துறைமுக வாயிலை அடைத்துக் கிடந்த மணல்திட்டை வெட்டுமுன் அலையையும் நீரோட்டத்தையும் மணலின் போக்கையும் ஆராய்ந்தார். 1928 மே மாதத்தில் 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டியெடுத்த மண்ணே வில்லிங்டன் தீவாயிற்று. இக்கரையோரச் சேற்றுத் திட்டுகளைப் பற்றியும் அவர் ஆராய்ந்து எழுதி, அது 1938-ல் நூலாக வந்தது. அளந்ததை எழுதி வைத்ததால்தான் அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் அது பயன்பட்டது.

ஆராய்ச்சிக்குப் பொருள் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. வேலியேற்றத்தின்போது மட்டாஞ்சேரிக் கால்வாய்களில் நீர் எவ்வளவு உயருகிறது? மசாலாக் கிடங்கில் ஈரம் எந்த மாதத்தில் அதிகம்? சீன வலையின் பாரக்கற்கள் எப்படிச் சமன் செய்கின்றன? தோபிகானாவில் ஒரு நாளைக்குச் செலவாகும் தண்ணீர் எவ்வளவு? ஒரு கேள்வியை எடுத்து, மூன்று மாதம் அளந்து, தேதியோடு நோட்டில் குறித்தால் பாதி அறிக்கை முடிந்தது. பிறர் சொன்னது எது, தான் கண்டது எது என்று பிரித்துக் காட்டி, எடுத்த இடத்தைக் குறிப்பிட்டால் மீதியும் நேர்மையாக முடியும். ஆய்வேடுகளில் பிறர் எழுத்து 10 சதவீதத்துக்கு மேல் கலந்தால் நடவடிக்கை என்று யு.ஜி.சி. 2018-ல் விதி செய்திருக்கிறது. விதிக்குப் பயந்து அல்ல, தன் கையெழுத்துக்கு மதிப்பு வேண்டும் என்பதற்காகவே இதைப் பழகவேண்டும். நூல்களுக்குப் பஞ்சமில்லை. தேசிய டிஜிட்டல் நூலகமும், ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் சோத்கங்காவும், என்.பி.டி.இ.எல். பாடங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன.

குறைவாக இருப்பது வழிகாட்டும் கை. தேர்வு நடத்தும் நிறுவனங்கள் அறிக்கையைக் கடைசியில் கேட்பதோடு நிற்காமல், முதல் ஆண்டிலிருந்தே சிறு கட்டுரைகளை வாங்கித் திருத்தித் திருப்பி அனுப்பவேண்டும். களமசேரியில் உள்ள கொச்சி பல்கலைக்கழகம் தன் நூலகத்தை விடுமுறை நாட்களில் வேலை பார்க்கும் வெளி மாணவருக்கும் திறந்துவிடலாம். கொச்சியில் ஓய்வு பெற்ற தமிழ்ப் பொறியாளர்களும் ஆசிரியர்களும் உண்டு. தமிழ் அமைப்புகள் ஆண்டு விழா, பட்டிமன்றம் நடத்தும் ஆர்வத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கி, மாதம் இரண்டு ஞாயிறு இவர்களைக் கூட்டி வைத்து இளைஞர்களின் அறிக்கைகளைப் படித்துத் திருத்தச் செய்யலாம். செலவு ஒரு மேசையும் நாலு நாற்காலியும் தேநீரும்தான்.

உழைத்துப் படிக்கும் இளைஞருக்குச் சலுகை தேவையில்லை. சிவப்பு மையோடு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அதைச் செய்ய மனம் உள்ளவர்கள் முன்வருவார்களாக.