பொக்லைன் போன பிறகு

சீமைக் கருவேலத்தைப் பொக்லைன் வைத்துப் பிடுங்கினால் போதும், நிலம் தானே பழையபடி ஆகிவிடும் என்ற வாதம், 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அம்மரத்தை அகற்ற உத்தரவிட்டபோது உரத்து ஒலித்தது. மரத்தின் சுபாவத்தை அது கணக்கில் எடுக்கவே இல்லை. அடிக்கட்டை மண்ணில் தங்கினால் நாலாபக்கமும் துளிர்க்கும். இனிப்பான காயை ஆடுமாடு தின்னும். விதை சாணத்தோடு, எருவும் கூடவே கிடைக்க, அடுத்த புறம்போக்கில் விழும். வெறுமையாக விட்ட தரையை முதலில் பிடிப்பதும் அதுவே. மறுதுளிர் களையும் கூலியைச் சேர்க்காத ஒப்பந்தம் விறகு வியாபாரம்தான்.

கரையான்சாவடிக்கு வடக்கே ஓடும் கூவத்தில் ஆகாயத்தாமரையும் அப்படியே. வாரிக் கரையில் குவித்தால் வெள்ளம் வந்து திரும்ப இழுத்துக்கொள்ளும். சாக்கடை கலக்கும்வரை அதற்குத் தீனிப் பஞ்சமில்லை.

அடையாற்றுக் கழிமுகத்தில் 2011இல் திறக்கப்பட்ட 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்காவில் வேலை வேறு வரிசையில் நடந்தது. குப்பையும் கட்டட இடிபாடும் அள்ளப்பட்டன. ஓதநீர் உள்ளே ஏறி இறங்க வழி வெட்டப்பட்டது. அலையாத்திக் கன்றுகள் அதற்குப் பிறகுதான். 2022இல் தமிழக அரசு வெளியிட்ட அயல் தாவரக் கொள்கையும் அகற்றலோடு சூழல் மீட்பைச் சேர்த்தே வைக்கிறது.