மதிலுக்கு மதிப்பெண் இடலாமா?

முதியோர் இல்லம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் சமுதாயத்தில் இரண்டு குரல்கள் எழுகின்றன. "பெற்றவர்களை இல்லத்தில் விடுவது பாவம்" என்று சினந்து எழுவது ஒன்று. "மாதந்தோறும் இவ்வளவு கட்டுகிறோம், இந்த வட்டாரத்திலேயே உயர்ந்த இல்லம்" என்று பெருமை பேசுவது மற்றொன்று. முன்னதை மேடைகளில் கேட்கலாம். பின்னதைத் திருமண வீடுகளில் கேட்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று பகைபோல் தோன்றினும் உண்மையில் உடன்பிறப்புகளே. உள்ளே சென்று பார்க்க வேண்டிய கடமையிலிருந்து இரண்டுமே நம்மை விடுவித்துவிடுகின்றன. பாவம் என்பவர் வாசற்படி ஏறமாட்டார். பணம் கட்டியவர் வரவேற்பறையைத் தாண்டமாட்டார்.

இவ்விரு சாராரையும் மறுத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். மறதிநோயாளரைப் பேணும் இல்லங்களை அளக்க நாம் கைக்கொண்டிருக்கும் கோல் பிழையானது. சாட்சி சொல்ல இயலாத ஒருவரை, பார்ப்பார் எவரும் இல்லாத வேளையில், அவ்வில்லம் எவ்வாறு நடத்துகிறது? இந்த ஒரு வினாவே சரியான கோல்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். டிமென்சியா எனப்படும் மறதிநோய் முதுமையின் இயல்பன்று. மூளையைத் தாக்கும் நோய்களின் விளைவு. அவற்றுள் மிகுதியாகக் காணப்படும் அல்சைமர் நோயைச் செருமானிய மருத்துவர் அலோய்சு அல்சைமர் 1906-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். நூற்றாண்டு கடந்த பின்னரும் நம்மவருள் சிலர் இதனைக் கிறுக்கு என்கின்றனர். சிலர் செய்வினை என்று பூசாரியைத் தேடுகின்றனர். 2018-ஆம் ஆண்டில் மலேசியாவில் நடைபெற்ற தேசிய சுகாதார ஆய்வு, அறுபதும் அதற்கு மேலும் அகவை உடையோருள் நூற்றுக்கு 8.5 பேருக்கு இந்நோய் இருக்கக்கூடும் எனக் கணித்தது. ஏறத்தாழப் பன்னிருவருக்கு ஒருவர். நம் கோயில் திருவிழாவில் வரிசையில் நிற்கும் முதியோரை எண்ணிப் பாருங்கள்; கணக்கு விளங்கும்.

பாவம் என்பாரை ஒன்று கேட்கிறேன். கணவன் வேலைக்குப் போனபின், இரும்புக் கதவை உட்புறம் பூட்டிக்கொண்டு, தம்மை யாரென்றே அறியாத மாமியாரோடு தனித்திருக்கும் மருமகளை நீங்கள் கண்டதுண்டா? ஒரே வினாவை ஒரே காலைப் பொழுதில் நாற்பது முறை கேட்பவர், எரியும் அடுப்பை மறப்பவர், கண்ணாடியில் தெரியும் தம் உருவத்தையே அயலார் என்று அஞ்சி அலறுபவர், இரவெல்லாம் உறங்காதவர். அவரைப் பகலிலும் இரவிலும் ஒரே பெண் தாங்கவேண்டும். நாமோ மேடையில் நின்று தாய்ப்பாசம் பேசிவிட்டு மாலையோடு வீடு திரும்புவோம்! அறையில் பூட்டி வைப்பது அறம் என்றும், இல்லத்தில் சேர்ப்பது பாவம் என்றும் தீர்ப்பெழுத நமக்கு உரிமை தந்தவர் யார்? பாசம் வேறு, இந்நோய்க்குரிய பராமரிப்பு வேறு. பின்னதற்குப் பயிற்சியும் முறை மாற்றி நிற்க ஆட்களும் தேவை. அவை வீட்டில் கிடைக்காதபோது இல்லத்தை நாடுவது குற்றமாகாது. நாடிய இல்லத்தை அறியாமல் விடுவதே குற்றம்.

அக்குற்றத்தை நானும் செய்தேன். ஆதலின் அதைப் பற்றிப் பேசும் கடமை எனக்கு உண்டு. என் தமக்கையார் பதினாறு அகவையில் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர். நான் உடுத்திய பள்ளிச் சட்டையும் ஆசிரியர் பயிற்சிக்குப் புறப்பட்டபோது கொண்டுசென்ற பெட்டியும் அவர் கைக்காசு. சில ஆண்டுகளுக்கு முன் அவரை மறதிநோய் பற்றியது. மக்கள் இருவரும் தொலைவில் இருந்தமையால் இல்லம் தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது. முன்னரே அறிவித்துவிட்டு, முற்பகல் பதினொரு மணிக்கு ஒரு பெரிய இல்லத்திற்குச் சென்றேன். வாசலில் நீரூற்று, தரையில் பளிங்கு, சுவரில் வண்ணப் படங்கள். மேலாளர் இனிமையாகப் பேசினார். மனநிறைவோடு கையொப்பம் இட்டேன்.

இதனைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்கள் இப்போதே நகைப்பீர்கள். பள்ளி ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்தால் நாம் என்ன செய்கிறோம்? பூச்சட்டிகள் இடம் மாறுகின்றன. சுவரில் புதிய அட்டைகள் ஏறுகின்றன. மிகச் சிறந்த மாணவன் முதல் வரிசைக்கு வருகிறான். அன்றைய பள்ளிதான் ஆண்டு முழுவதும் நடக்கும் பள்ளியா? முப்பது ஆண்டுகள் இந்தக் கலையைப் பயின்ற நான், என் தமக்கைக்கு இல்லம் தேடியபோது, பூச்சட்டியைப் பார்த்து மதிப்பெண் இட்டேன்!

ஐந்தாம் வாரம், சொல்லாமல் ஒரு மாலைப் பொழுதில் சென்றேன். இரவு உணவு நாலரை மணிக்கே முடிந்திருந்தது. தொலைக்காட்சியின் முன் பன்னிருவர் வரிசையாக அமர்த்தப்பட்டிருந்தனர். அதில் ஓடிய மொழி அங்கிருந்தோர்க்குத் தெரியாத மொழி. நாற்காலிகளின் முன்புறம் பலகைகள் பூட்டப்பட்டிருந்தன. எவரும் எழ இயலாது. என் தமக்கையார் வாயோரம் எச்சில் வழியத் தலை சாய்ந்து கிடந்தார். "விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கதவைத் தட்டுகிறார், மற்றவர்க்குத் தொல்லை, ஆதலால் மருந்து கொடுக்கிறோம்" என்றனர். நான்கு மணி! தோட்டத்தில் பிறந்த எவர்க்கும் அந்த நேரத்தின் பொருள் தெரியும். அவர் ஓடிப்போக முயலவில்லை, பெரட்டுக்குப் புறப்பட்டார். நாற்பதாண்டு உழைப்பை அவருடைய உடல் மறக்கவில்லை. அதனைக் கேட்டறிய அங்கு ஒருவரும் இல்லை. சேர்த்த அன்று சொல்லியிருக்க வேண்டிய நானும் சொல்லவில்லை.

ஆகவே, பட்டறிந்து கற்ற வினாக்களை இங்கே வைக்கிறேன்.

முதலாவது, கட்டு. நாற்காலியோடு சேர்த்துக் கட்டும் துணியும், பூட்டிய பலகையும், எழ இயலாத மெத்தை இருக்கையும் கட்டுகளே. "விழாமல் காக்கவே" என்பர். கட்டுண்டவரின் கால்கள் வலுவிழக்கும். படுக்கைப் புண் தோன்றும். கட்டை அறுத்தெழ முயன்று மேலும் கொடிதாக விழுவதும் உண்டு. மருத்துவக் காரணமின்றி, தண்டனைக்காகவோ பணியாளரின் வசதிக்காகவோ கட்டுதல் கூடாது என அமெரிக்கா 1987-ஆம் ஆண்டிலேயே தன் மருத்துவப் பராமரிப்பு இல்லங்களுக்குச் சட்டம் செய்தது. எவரைக் கட்டியிருக்கிறீர்கள், ஏன், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள்.

இரண்டாவது, மருந்து. கயிறின்றிக் கட்டும் கட்டு இது. மனநோய்க்குரிய சில மருந்துகள் மறதிநோயுற்ற முதியோரிடையே இறப்பு நேரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன என அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2005-இல் எச்சரித்தது. சிலருக்கு மருத்துவர் ஆராய்ந்து கொடுக்க நேரலாம், அதனை மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் திடீரெனக் குழம்பிக் கூச்சலிட்டால், சிறுநீர்த் தொற்றா, மலச்சிக்கலா, பல்வலியா என்று முதலில் தேடினார்களா? தேடாமல் மாத்திரையை நீட்டும் இல்லம், அழும் மாணவனை ஏனென்று கேட்காமல் அடிக்கும் ஆசிரியரை ஒத்தது.

மூன்றாவது, உணவு வேளை. இல்லத்தின் உண்மை முகத்தை அங்கே காணலாம். ஊட்டுபவர் அமர்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டா? விழுங்கும்வரை பொறுக்கிறாரா, அதற்குள் அடுத்த கரண்டியைத் திணிக்கிறாரா? ஒவ்வொரு மாதமும் எடை பார்த்துக் குறித்த ஏடு உண்டா? எடை குறைந்துகொண்டே போனால், பளிங்குத் தரை என்ன விடை கூறும்?

நான்காவது, இரவு. பகலில் பணியாளர் எத்தனை பேர் என்று எல்லாரும் கேட்பர். இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர், அவருள் விழித்திருப்பவர் எத்தனை பேர் என்று கேட்பவர் அரியர்.

ஐந்தாவது, சொல்லும் பார்வையும். டாம் கிட்வுட் என்னும் ஆங்கில உளவியலறிஞர் 1997-இல் வெளியிட்ட நூலில், நோயினால் மட்டுமன்றி, சுற்றியிருப்போர் நடத்தும் முறையினாலும் நோயாளர் தேய்கின்றனர் என்று நிறுவ முற்பட்டார். பெரியவரைக் குழந்தையாக்கிப் பேசுதல், அவரால் இயலாத வேகத்தில் விரட்டுதல், அவர் முன்னிலையிலேயே அவர் இல்லாதது போல் உரையாடுதல் ஆகியவை அவர் சுட்டிய தீமைகளுள் சில. இவற்றைக் காண மருத்துவப் பட்டம் வேண்டா. அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்தால் போதும்.

"அரசு உரிமம் பெற்ற இல்லம்தானே?" என்று கேட்பர். 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டமும், முதியோர்க்கான தனியார் மருத்துவப் பராமரிப்பு பற்றி 2018-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டமும் உள்ளன. பதிவுச் சான்று இல்லாத இல்லத்தில் அடியெடுத்து வைக்கவே கூடாது. ஆயினும் தேர்ச்சிக்குரிய தாழ்ந்த அளவே பதிவு. அதனையே சிறப்புத் தேர்ச்சியாகக் கொள்வது அறியாமை. தீயணைப்புக் கருவி சுவரில் தொங்குகிறதா என்பதை அதிகாரி பார்ப்பார். நம் தாயின் வாயருகே கரண்டி எப்படிச் செல்கிறது என்பதை நாமே பார்க்கவேண்டும்.

"எதற்கும் பணம் வேண்டுமே" என்பது அடுத்த தடை. இரவில் ஆள் வைக்கப் பணம் வேண்டும், அதனை ஒப்புகிறேன். ஆனால் பெயர் சொல்லி அழைக்கவும், அமர்ந்து ஊட்டவும், என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்கவும் எவ்வளவு பணம் வேண்டும்? என் தமக்கையாரைப் பின்னர்ச் சேர்த்த இல்லம் ஒரு பழைய வரிசை வீடு. சுவரில் சாயம் உரிந்திருந்தது. குளியலறையில் கைப்பிடி இல்லாமையால் நான் வாதாடிப் பொருத்த நேர்ந்தது. ஆனால் அங்கிருந்த இந்தோனேசியப் பணிப்பெண் கேட்ட முதல் வினா, "பாட்டி என்ன வேலை செய்தார்?" என்பது. அப்பெண் விடியற்காலை நான்கு மணிக்கு விளக்கேற்றி, ஒரு கோப்பைக் காப்பி கொடுத்து, ஒரு வெறும் வாளியைக் கையில் தந்து, முற்றத்தில் இருமுறை நடத்தி அழைத்து வருவார். அதன்பின் தமக்கையார் தாமே உறங்கிவிடுவார். மாத்திரை நின்றது.

இனி, நமக்கே உரிய வினாவுக்கு வருகிறேன். மறதிநோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முன்னே மங்குதலும் தாய்மொழி பின்னும் எஞ்சி நிற்றலும் பலரிடத்தே காணப்படுகின்றன. அலுவலகத்தில் ஆங்கிலமும் சந்தையில் மலாயும் பேசிய முதியவர், இறுதியில் தமிழில்தான் தண்ணீர் கேட்பார். சுற்றியிருப்போர்க்கு அச்சொல் தெரியாவிடில் அது வெறும் கூச்சல் ஆகிவிடும். கூச்சலுக்கு மாத்திரை வரும். அயல்நாட்டிலிருந்து வந்து குறைந்த கூலிக்கு உழைக்கும் பணிப்பெண்ணை இதற்குக் குறை கூறாதீர். அவருக்கு இருபது தமிழ்ச் சொற்களை எழுதிக் கொடுக்க நம்முள் ஒருவரும் போகவில்லையே! தண்ணீர், பசி, வலி, வயிறு, குளிர், பயம், வீடு. இவற்றை உரோமன் எழுத்தில் ஓர் அட்டையில் எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

நாம் போகாமலில்லை, தீபாவளிக்குப் போகிறோம். பேருந்து நிறைய மாணவர், பதாகை, பல்லில்லாதவர்க்கு முறுக்கு, நீரிழிவுக்காரர்க்கு லட்டு, நிழற்படம், அரை மணியில் புறப்பாடு. ஆண்டு அறிக்கையில் அதற்குச் 'சமுதாயத் தொண்டு' என்று பெயர். எவரென்றே தெரியாத நூறு முகங்கள் ஒரே வேளையில் சூழ்ந்து ஆரவாரம் செய்தால், மறதிநோயாளர் மருள்வார் என்பதைக்கூட நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. என் பள்ளியும் இவ்வாறு சென்றதுண்டு. அதனை இன்று நாணத்தோடு எழுதுகிறேன்.

மாணவர் போகட்டும், நூறு பேராக அன்று, இருவர் இருவராக, திங்கள்தோறும். ஒவ்வொரு முதியவரின் வாழ்க்கையையும் உறவினரிடம் கேட்டு ஒரு பக்கத்தில் எழுதட்டும். எந்தத் தோட்டம், என்ன வேலை, எந்தப் பாட்டு பிடிக்கும், எதற்கு அஞ்சுவார், எப்படி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார். அதை மலாயிலும் பெயர்த்துக் கட்டிலருகே மாட்டட்டும். 'என் பாட்டி' என்று கற்பனைக் கட்டுரை எழுதச் சொல்வதைவிட இது நல்ல மொழிப்பயிற்சி. மாணவன் எழுதிய தமிழை நம்பி ஒரு மனிதர் தண்ணீர் பெறுவார். ஆசிரியர்களோ மேற்கூறிய ஐந்து வினாக்களைப் பெற்றோர் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். முன்னறிவிப்பின்றி உணவு வேளையில் வர இசையாத இல்லத்திற்கு, அது எவ்வளவு அழகிய கட்டடமாயினும், உறவினரை அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தேர்வுத் தாளைத் திருத்தும்போது, அழகிய கையெழுத்துக்காகப் பிழையான விடைக்கு நாம் மதிப்பெண் தருவதில்லை. வாய் பேச இயலாத நம் முதியோரின் வாழ்வைத் திருத்தும்போது மட்டும் அந்த நேர்மையை ஏன் கைவிடுகிறோம்? நாளை மாலை ஐந்து மணிக்கு, எவருக்கும் சொல்லாமல், உங்கள் ஊரில் உள்ள இல்லத்தின் கதவைத் தட்டுங்கள்.