மார்பகத்தில் சிலிக்கோன்... பயப்பட வேண்டுமா?

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம் திருமுக்கூடல். காஞ்சிபுரம் மாவட்டத்தின் இந்தச் சிற்றூரிலுள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11-ம் நூற்றாண்டிலேயே அங்கே 15 படுக்கைகளோடு ஆதுலர் சாலை இயங்கியதை அது சொல்கிறது. வைத்தியர், சல்லியக்கிரியை செய்பவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் எல்லோருக்கும் என்ன ஊதியம் என்பதோடு, இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லில் பதிவாகியிருக்கின்றன.

உடம்புக்குள் என்ன போகிறது என்பதற்குக் கணக்கு வேண்டும். சிலிக்கோன் மார்பகத்தின் வரலாறு சொல்லும் பாடமும் இதுதான்.

1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு சிலிக்கோன் ஜெல் பை பொருத்தப்பட்டது. பிறகு மூட்டுவலி, எதிர்ப்பு சக்தி நோய்கள் வருவதாகப் புகார்கள் குவிந்தன. 1992-ல் அமெரிக்க அரசு பெரும்பாலான பயன்பாடுகளை நிறுத்தி வைத்தது. அந்த நோய்களுக்கு இதுவே காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என 1999-ல் நிபுணர் குழு அறிவித்தது. 2006-ல் மீண்டும் அனுமதி கிடைத்தது.

ஆனால், 2010-ல் பிரான்ஸில் பூதம் கிளம்பியது. பிஐபி என்ற நிறுவனம், மருத்துவத் தரமில்லாத தொழிற்சாலை சிலிக்கோனை நிரப்பி விற்றது அம்பலமானது. நிறுவனர் சிறைத்தண்டனை பெற்றார். 2019-ல் சொரசொரப்பான மேற்புறம் கொண்ட ஒரு வகை, அரிய நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புடையது எனத் திரும்பப் பெறப்பட்டது.

இது அழகுக்காக மட்டும் செய்யப்படுவதில்லை. புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண்ணுக்கு இது தன்னம்பிக்கை சார்ந்த விஷயம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அறுவை சிகிச்சைக்கென இலவசப் பிரிவு 2018-ல் தொடங்கப்பட்டது. வயிறு அல்லது முதுகுத் தசையைக் கொண்டே மார்பகத்தைச் சீரமைக்கும் முறையும் உண்டு. அறுவை சிகிச்சையே வேண்டாம் என்பவர்கள், உள்ளாடைக்குள் வைக்கும் செயற்கை மார்பகத்தைப் பயன்படுத்தலாம்.

பொருத்திக்கொள்பவர்கள் கவனிக்க:

* இது ஆயுள் முழுக்க நீடிக்கும் பொருள் அல்ல. பின்னாளில் மாற்றவோ அகற்றவோ நேரலாம்.

* நிறுவனம், வகை, வரிசை எண் கொண்ட அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஒரு வகை திரும்பப் பெறப்பட்டால், உங்களுக்குள் இருப்பது அதுதானா என்று அந்த அட்டைதான் சொல்லும்.

* பை கிழிந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம். அதனால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஸ்கேன் அவசியம்.

* ஆண்டுகள் கழித்து வீக்கம், வலி, கட்டி, வடிவ மாற்றம் தெரிந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

* மேமோகிராம் எடுக்கும்போது, பை இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

* அழகு நிலையங்களில் திரவ சிலிக்கோனை ஊசியில் ஏற்றுகிறோம் என்றால், அடியோடு மறுத்துவிடுங்கள். அது உயிருக்கே ஆபத்து.

மார்பகம் பற்றிப் பேசக் கூச்சப்பட்டு வீட்டிலேயே மறைக்கும் பெண்கள் இன்னும் நிறைய. பொருத்திக்கொள்ள வேண்டுமா, வேண்டாமா என்பது அவரவர் முடிவு. அதை எடுக்கும் முன் எல்லாக் கேள்விகளையும் மருத்துவரிடம் கேட்டுவிடுவது அவரவர் உரிமை.