ஒரே ஒரு நாற்காலி! விக்கெட் கீப்பர் தினேஷ் கார்த்திக் ஆடிய 20 வருஷ ஆட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மறைமலைநகரில் காலி மனை எங்கே இருந்தாலும் அங்கே கிரிக்கெட் நடக்கிறது. பந்து போட எல்லாப் பையன்களுக்கும் ஆசை. மட்டை பிடிக்க அதைவிட ஆசை. ஆனால், ஸ்டம்புக்குப் பின்னால் போய் நிற்க ஒருவருக்கும் மனம் வருவதில்லை! கடைசியில் யாராவது ஒரு சின்னப் பையனைப் பிடித்து நிறுத்துகிறார்கள்.

வீட்டுக்கு வந்தால் தாய் தகப்பன் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "விளையாட்டு சோறு போடுமா?"

நியாயமான கேள்வி. அதிலும் விக்கெட் கீப்பராக நிற்கிற பையனைப் பார்த்துக் கேட்டால், இன்னும் நியாயமான கேள்வி. ஏன் என்றால், ஒரு கோஷ்டியில் 11 பேர். பந்து போடுகிறவர்கள் நாலைந்து பேர். மட்டை அடிப்பவர்கள் ஆறு பேர். விக்கெட் கீப்பர் ஒரே ஒருவர்தான். அந்த ஒரு நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால், அவர் எழுந்திருக்கும் வரை மற்றவர்கள் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

அப்படி நின்றுகொண்டே 20 வருஷம் ஆடியவர் ஒருவர் தமிழ்நாட்டில் உண்டு. அவர்தான் சென்னை தினேஷ் கார்த்திக். அவருடைய கதையைப் பார்த்தால் அந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைக்கும்.

குந்தி எழும் வேலை

விக்கெட் கீப்பரின் வேலை என்ன? ஒவ்வொரு பந்துக்கும் குந்த வேண்டும். பந்து வரும்போது எழ வேண்டும். டெஸ்ட் பந்தயத்தில் ஒரு நாளைக்கு 90 ஓவர். அதாவது 540 பந்து. 540 தடவை குந்தி, 540 தடவை எழ வேண்டும்! மற்றவர்கள் நடுவில் கொஞ்சம் வேறு எங்காவது பார்க்கலாம். விக்கெட் கீப்பர் பார்க்க முடியாது. 539 பந்தைச் சரியாகப் பிடித்துவிட்டு ஒன்றைத் தவற விட்டால், சாயங்காலம் அந்த ஒன்றைப் பற்றித்தான் பேச்சு.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. அதிலும் இதே வேலைக்கு ஓர் ஆள் உண்டு. 'கேட்சர்' என்று பெயர். முகத்துக்குக் கம்பி வலை, மார்புக்குக் கவசம், ஒரு கைக்கு மட்டும் பெரிய உறை. மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தியபடியே, எந்தப் பந்தைப் போட வேண்டும் என்று விரலால் சைகை காட்டுவார். அங்கேயும் அந்த இடம் ஒன்றுதான்.

நியூயார்க் யாங்கீஸ் கோஷ்டியில் யோகி பெர்ரா என்று மகா கெட்டிக்காரரான கேட்சர் இருந்தார். 1955-ல் எல்ஸ்டன் ஹோவர்ட் என்பவர் அந்தக் கோஷ்டிக்கு வந்தார். இவரும் கேட்சர்தான். அந்தக் கோஷ்டியில் ஆடிய முதல் கறுப்பு இனத்தவரும் இவரே. ஆனால் இடம் ஏது? தூரத்தில் நின்று பந்து பிடிக்கும் வேலையைச் செய்தார். வேறு வேறு இடங்களில் நின்றார். பெர்ராவுக்கு வயதான பிறகுதான் ஹோவர்டுக்கு முழுசாக அந்த இடம் கிடைத்தது. 1963-ல் தம்முடைய லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டமும் வாங்கினார்.

ஹோவர்டுக்குக் கடைசியில் நாற்காலி கிடைத்தது. கார்த்திக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காமலே பிழைத்தது எப்படி என்பதுதான் விஷயம்.

தகப்பனார் எறிந்த பந்து

தினேஷ் கார்த்திக் 1985 ஜூன் 1-ந் தேதி பிறந்தார். அவருடைய தகப்பனாரும் சென்னையில் முதல் டிவிஷன் கிரிக்கெட் ஆடியவர். "ஆட்டம் போதும், படிப்பைப் பார்" என்று அவர் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவரும் கேட்டுக்கொண்டார். பிறகு வேலைக்காகக் குவைத்துக்குப் போனார். பிள்ளையும் சின்ன வயதில் 2 வருஷம் அங்கே இருந்தான்.

தமக்கு நேர்ந்தது பிள்ளைக்கு நேரக்கூடாது என்று தகப்பனார் நினைத்தார். கெட்டியான தோல் பந்தை எடுத்து வேகமாக எறிவார். பிள்ளை அதைச் சமாளிக்க வேண்டும். இப்படித்தான் கண்ணும் கையும் பழகின.

2002-ல் தமிழ்நாட்டுக் கோஷ்டிக்காக முதல்தரப் பந்தயம் ஆட ஆரம்பித்தார். 2004 செப்டம்பர் 5-ந் தேதி, லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில், இந்தியாவுக்காக முதல் ஒரு நாள் பந்தயம். அப்போது வயது 19! இங்கிலாந்துக் காப்டன் மைக்கேல் வாகனை அன்று அவர் ஸ்டம்பிங் செய்தார். இரண்டு மாதம் கழித்து, பம்பாயில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த டெஸ்டிலும் இடம் கிடைத்தது. இந்தியா 13 ரன்னில் ஜெயித்தது.

நாற்காலி கையில் வந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

வந்தார் டோனி!

அதே 2004 டிசம்பரில் ராஞ்சியிலிருந்து ஒருவர் வந்தார். மகேந்திர சிங் டோனி. கார்த்திக்கைவிட 4 வயது மூத்தவர். மட்டையை வீசினால் பந்து கண்ணுக்குத் தெரியாது. 2005 டிசம்பரில் அவருக்கு டெஸ்டிலும் இடம் கொடுத்தார்கள். அது எந்த ஊரில் தெரியுமா? சென்னை சேப்பாக்கத்தில்! கார்த்திக்கின் சொந்த ஊரில்.

அதற்குப் பிறகு டோனி 90 டெஸ்ட் ஆடினார். கார்த்திக் ஆடிய டெஸ்ட் மொத்தம் 26.

இது தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. 1979-ல் சென்னை விக்கெட் கீப்பர் பரத் ரெட்டி இங்கிலாந்துக்குப் போனார். கிர்மானியை அந்தச் சுற்றுப் பயணத்துக்குச் சேர்க்கவில்லை. அதனால் 4 டெஸ்டிலும் ரெட்டிதான் கீப்பர். ஊர் திரும்பியதும் கிர்மானி மறுபடி வந்துவிட்டார். ரெட்டிக்கு அந்த 4 டெஸ்டோடு சரி. கிர்மானி 88 டெஸ்ட் ஆடிவிட்டுத்தான் போனார்.

கையுறை இல்லாமல்

கார்த்திக் செய்த காரியம் வேறு. "கீப்பர் இடம் இல்லையா? சரி, எந்த இடம் காலி?" என்று பார்த்தார்.

இந்தியா முதன் முதலாக ஆடிய 20 ஓவர் சர்வதேசப் பந்தயம் 2006 டிசம்பர் 1-ந் தேதி ஜோகன்னஸ்பர்க்கில் நடந்தது. டோனிதான் கீப்பர். கார்த்திக் வெறும் மட்டைக்காரர். 31 ரன் எடுத்து அவுட் ஆகாமல் நின்று, ஆட்ட நாயகன் பரிசையும் வாங்கிக்கொண்டார்.

2007-ல் இங்கிலாந்துப் பயணம். இந்தியாவுக்கு ஆட்டத்தைத் துவக்க ஆள் வேண்டியிருந்தது. புதுப் பந்தை எதிர்த்து நிற்பது கஷ்டமான வேலை. கார்த்திக் வாசிம் ஜாபருடன் சேர்ந்து துவக்க ஆட்டக்காரராக இறங்கினார். 3 டெஸ்டில் 263 ரன். இந்தியர்களில் அவர்தான் முதல்! 21 வருஷத்துக்குப் பிறகு இங்கிலாந்து மண்ணில் இந்தியா டெஸ்ட் தொடரை ஜெயித்தது அந்தத் தடவைதான். கார்த்திக்கின் கிரிக்கெட் வாழ்வில் இதுவே மிக உயர்ந்த வேலை என்று சொல்லலாம். ஆனால் ஜனங்களுக்கு ஞாபகம் இருப்பது இது அல்ல. அது பின்னால் வருகிறது.

2010 ஜனவரியில் டெஸ்ட் கோஷ்டியிலிருந்து வெளியே போனார். திரும்பி வந்தது 2018 ஜூனில். நடுவில் இந்தியா 87 டெஸ்ட் ஆடிவிட்டது. அந்நாள் வரை இத்தனை டெஸ்டைத் தவற விட்டுவிட்டுத் திரும்பி வந்த இந்தியர் வேறு எவரும் இல்லை. அதற்குள் டோனியும் 2014-லேயே டெஸ்டிலிருந்து விலகிவிட்டார். விருத்திமான் சகா அந்த இடத்துக்கு வந்திருந்தார். சகாவுக்குக் காயம் பட்டதால்தான் கார்த்திக்கைக் கூப்பிட்டார்கள். இங்கிலாந்தில் 2 டெஸ்ட், 4 இன்னிங்ஸ். எடுத்தது 21 ரன். அடுத்த டெஸ்டில் ரிஷப் பந்த் வந்தார். கதவு மூடிக்கொண்டது.

8 பந்து!

2018 மார்ச் 18-ந் தேதி இரவு. கொழும்பு. இந்தியாவுக்கும் வங்காள தேசத்துக்கும் கடைசிப் பந்தயம்.

இந்தியா ஜெயிக்க 167 ரன் வேண்டும். 18 ஓவர் முடிந்துவிட்டது. இன்னும் 12 பந்துதான் பாக்கி. வேண்டியது 34 ரன். தமிழ்நாட்டு விஜய் சங்கர் ஒரு பக்கம் திணறிக்கொண்டிருந்தார். அவருக்கும் பின்னால், 7-வது ஆளாகக் கார்த்திக் இறங்கினார். வங்காள தேச ரசிகர்கள் ஜெயித்துவிட்டோம் என்றே ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

ருபெல் ஹுசைன் பந்து போட வந்தார். முதல் பந்து சிக்ஸர்! இரண்டாவது பந்து பவுண்டரி. மூன்றாவது பந்து மறுபடி சிக்ஸர்! நான்காவதில் ரன் இல்லை. ஐந்தாவதில் 2. ஆறாவதில் பவுண்டரி. ஒரே ஓவரில் 22 ரன்.

கடைசி ஓவரில் 12 ரன் வேண்டும். சௌமிய சர்க்கார் பந்து போட்டார். மெள்ள மெள்ள ரன் வந்தது. விஜய் சங்கர் ஒரு பவுண்டரி அடித்து, அடுத்த பந்திலேயே அவுட். பந்து மேலே போன சமயத்தில் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். அதனால் கடைசிப் பந்து கார்த்திக்கு வந்தது. ஒரு பந்து, 5 ரன். பவுண்டரி அடித்தாலும் போதாது!

பந்து உயரப் போகவில்லை. கோடு கிழித்த மாதிரி வலது பக்கத்து எல்லைக்கு மேல் பறந்து வெளியே விழுந்தது. சிக்ஸர்! 8 பந்தில் 29 ரன். பந்தயம் முடிந்தது.

ஜனங்களுக்கு ஞாபகம் இருப்பது இந்த 8 பந்துதான். 14 வருஷமாகப் பெஞ்சில் உட்கார்ந்தவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்கும் இந்த 8 பந்துதான் சாட்சி.

எல்லாம் இப்படி நல்லபடியாகவே நடந்துவிடவில்லை. 2019 உலகக் கோப்பை அரை இறுதியில், மான்செஸ்டரில் நியூசீலாந்துக்கு எதிராக 25 பந்தில் 6 ரன்தான் எடுத்தார். அதோடு ஒரு நாள் பந்தயக் கணக்கு தீர்ந்தது. 94 பந்தயம், 1752 ரன்.

ஏலத்தில் ஏறிய விலை, இறங்கிய விலை

சோறு விஷயத்துக்கு வருவோம். 2008-ல் ஐ.பி.எல். பந்தயம் ஆரம்பமானது. ஊர் ஊராகக் கோஷ்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விக்கெட் கீப்பர் வேண்டும். நாட்டில் ஒரு நாற்காலி இருந்த இடத்தில் எட்டு நாற்காலி ஆனது! பரத் ரெட்டி காலத்தில் இது இல்லை. கார்த்திக் பிழைத்தது இதனால்தான். அவருடைய திறமை பாதி. பிறந்த வருஷம் பாதி.

ஆனாலும் அந்த நாற்காலி நிலையானது அல்ல. 2014-ல் டில்லி அவரை 12½ கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. அடுத்த வருஷம் பெங்களூர் 10½ கோடி. அதற்கு அடுத்த வருஷம் குஜராத் 2 கோடியே 30 லட்சம்! 2018-ல் கொல்கத்தா 7 கோடியே 40 லட்சம். 2022-ல் பெங்களூர் 5½ கோடி. ஆள் அதே ஆள்தான். விலை மட்டும் காய்கறி மார்க்கெட் மாதிரி ஏறி இறங்கியது. 17 சீசனில் 6 கோஷ்டி. சொந்த ஊரான சென்னைக் கோஷ்டிக்கு மட்டும் ஒரு நாள்கூட ஆடவில்லை. அங்கேயும் கீப்பர் டோனி!

மறைமலைநகர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். 2021 செப்டம்பரில் ஃபோர்டு கம்பெனி இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-ல் இந்த ஊர் ஆலையிலிருந்து கடைசிக் கார் வெளியே வந்தது. ஓர் இடத்தை நம்பிக் கற்ற வேலையை இன்னோர் இடத்துக்கு எடுத்துப் போவது எவ்வளவு கஷ்டம் என்பதை அப்போது பல குடும்பங்கள் பார்த்தன. கார்த்திக் அதை 20 வருஷமாகச் செய்துகொண்டிருந்தார். 2021-ல் இங்கிலாந்தில் மைக் பிடித்து வர்ணனை சொன்னார். "சரி, இனிமேல் ஆடமாட்டார்" என்று பேசிக்கொண்டார்கள். மறு வருஷமே, 37 வயதில் திரும்பி வந்து, ராஜ்கோட்டில் தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக 27 பந்தில் 55 ரன் அடித்தார்!

பாதிச் சம்பளம்

ஐ.பி.எல். எட்டாத கீப்பர்களின் கதி என்ன? 2021-ல் கிரிக்கெட் போர்டு மாகாண ஆட்டக்காரர்களின் சம்பளத்தை உயர்த்தியது. 20 பந்தயம் வரை ஆடியவருக்கு ஒரு நாளைக்கு 40 ஆயிரம் ரூபாய். கோஷ்டியில் இருந்தும் களத்தில் இறங்காதவருக்கு அதில் பாதி, 20 ஆயிரம். முன் காலத்தோடு பார்த்தால் நல்ல பணம். ஆனால், வருஷத்தில் பந்தயம் நடக்கிற நாட்களுக்கு மட்டும். அதிகம் பெஞ்சில் உட்காருகிறவர் இரண்டாவது கீப்பர்தான். பந்து போடுகிறவர் ஒருவருக்குக் கால் வலித்தால் இன்னொருவர் ஆடுவார். கீப்பர் நன்றாக இருந்தால் மற்ற கீப்பருக்கு வேலை இல்லை. இந்த விளையாட்டில் பையனைச் சேர்க்கிற பெற்றோர் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு சேர்ப்பது நல்லது. மட்டையும் பிடிக்கத் தெரிந்த கீப்பருக்குத்தான் காலம்.

கார்த்திக்குப் பிறகு தமிழ்நாட்டில் கையுறை போட்டவர் கோயமுத்தூர் ஜெகதீசன். 2022-ல் ஒரு நாள் பந்தயத்தில் 277 ரன் எடுத்துப் பிரமிக்கவைத்தார். 2025 ஜூலையில் ரிஷப் பந்துக்குக் கால் அடிபட்டதும், அவரை இங்கிலாந்துக்கு அழைத்தார்கள். அந்த டெஸ்டில் கீப்பராக நின்றவர் துருவ் ஜூரல். ஜெகதீசன் வெளியே உட்கார்ந்திருந்தார்.

கையுறை கழற்றிய பின்

2024 மே 22-ந் தேதி ஆமதாபாத்தில் பெங்களூர் கோஷ்டி தோற்றது. கார்த்திக் கையுறையைக் கழற்றி உயர்த்திக் காட்டியபடி மைதானத்தை விட்டு நடந்தார். கோஷ்டிக்காரர்கள் இரு பக்கமும் நின்று கை தட்டினார்கள். ஜூன் 1-ந் தேதி, தம்முடைய 39-வது பிறந்த நாளில், ஓய்வு பெறுவதாகத் தெரிவித்தார்.

ஓய்வு என்றால் திண்ணையில் உட்காருவது அல்ல. அடுத்த மாதமே பெங்களூர் கோஷ்டி அவரை மட்டைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டது. 2025 ஆரம்பத்தில் தென் ஆப்பிரிக்கா 20 ஓவர் லீகிலும் போய் ஆடினார். அங்கே ஆடிய முதல் இந்தியர் அவர்தான்.

பெங்களூர் கோஷ்டியில் அவர் விட்டுப்போன கையுறை ஜிதேஷ் சர்மாவிடம் போனது. கீப்பராக நின்று, கடைசியில் இறங்கி அடிக்கிற அதே வேலை. 2025 மே 27-ந் தேதி லக்னோவில் ஜிதேஷ் 33 பந்தில் 85 ரன் அடித்து அவுட் ஆகாமல் நின்றார். ஒரு வாரம் கழித்து, ஜூன் 3-ந் தேதி, பெங்களூர் முதன் முதலாக ஐ.பி.எல். கோப்பையை வாங்கியது. ஸ்டம்புக்குப் பின்னால் ஜிதேஷ் குந்தியிருந்தார். கார்த்திக் எல்லைக் கோட்டுக்கு வெளியே, பயிற்சியாளர்களோடு உட்கார்ந்திருந்தார்.