படத்தில் பார்த்த வீடு

கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட.

வீடு விற்கும் விளம்பரங்களில் வருகிற கட்டடப் படங்களைப் பற்றித்தான் சொல்கிறேன். இன்னும் கட்டாத கட்டடத்தைக் கணினியில் உருவாக்குகிறார்கள். ரெண்டரிங் என்று பெயர். அது அப்படியே பெரும்பாலும் பிளாஸ்டிக் பொம்மை போல இருக்கும். போட்டோஷாப்பில் வண்ணத்தைச் சரிசெய்து, நிழலைக் கூட்டி, சுவருக்குச் சொரசொரப்புக் கொடுத்தால்தான் உயிர் வரும். அது கலை. அந்த வேலையில் இருக்கும் என் மாணவர்களை நினைத்தால் எனக்குப் பெருமைதான்.

ஆனால் கட்டடத்துக்கு மெருகேற்றுவது வேறு, ஊரையே மாற்றுவது வேறு. பக்கத்து மனையில் நிற்கும் நான்கு மாடி எங்கே போயிற்று? மின்கம்பியும் டிரான்ஸ்பார்மரும் எங்கே? 30 அடித் தெரு எப்படி நெடுஞ்சாலை ஆனது? ஆட்களைச் சிறிதாக ஒட்டினால் நீச்சல் குளம் ஏரியாகிறது. அகலக் கோணத்தில் காட்டினால் பத்தடி அறை கல்யாண மண்டபமாகிறது. கீழே கார் நிறுத்தும் தளம்; அதன் கான்கிரீட் கூரைமேல் சில அடி மண்ணில் முதிர்ந்த தூங்குமூஞ்சி மரம் குடை விரித்து நிற்கிறது!

பூகோள வாத்தியாராக இன்னொன்றும் சொல்கிறேன். சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரைதான் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வடக்குப் பார்த்த பால்கனியில் பொன்வெயில் கொட்டுகிற படத்தை நம்பி, மார்கழியில் அங்கே வெயில் காயலாம் என்று பணம் கட்டிவிடாதீர்கள்.

"கீழே 'ஓவியரின் கற்பனை' என்று போட்டிருக்கிறோமே சார்" என்பீர்கள். அதைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். இருபது வருடக் கடன் வாங்குகிறவன் படத்தைத்தான் பார்க்கிறான். முதலாளி சொன்னார், செய்தேன் என்பதும் பதில் ஆகாது. இருப்பதை அழிக்காதே, வராததை ஒட்டாதே. இந்த இரண்டு போதும்.

வாங்குகிறவர்களுக்கு: 2016ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 12ஆம் பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ காட்டிய பொய்யை நம்பி முன்பணம் கொடுத்து நட்டப்பட்டால், கட்டுநர் இழப்பீடு தர வேண்டும். வேண்டாம் என்று விலகினால் கட்டிய பணம் முழுவதையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 13ஆம் பிரிவு. ஆகவே அந்த வழவழப்பான புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்கு அதுவே உங்கள் சாட்சி.

முன்பணம் கொடுக்கும் முன் படத்தோடு மனைக்கே போங்கள். படம் எடுத்ததாகக் காட்டும் இடத்தில் நின்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வீடு பார்க்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.